பருவகால ஆலோசனை: வடகிழக்குப் பருவமழைக்கு முன் காரின் முன்கண்ணாடியைச் சோதித்தல்

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ 48 விழுக்காட்டைத் தரும் வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஆம் நாளையொட்டித் தொடங்குவதால், காரின் முன்கண்ணாடியில் உள்ள சேதங்களைக் கண்டறிந்து சரிசெய்வதற்கு அதற்கு முந்தைய வறண்ட வாரங்களே உரிய காலமாகும். டயர், பிரேக், பேட்டரி ஆகியவற்றை மழைக்கு முன் காட்டிவிடுபவர்கள்கூட, ஜல்லி பட்டுத் தெறித்த ஒரு சிறு புள்ளியை, பார்வையை மறைக்கவில்லை என்ற ஒரே காரணத்தால் மாதக்கணக்கில் அப்படியே விட்டுவிடுகின்றனர். ஆனால் ஒரு சேதம் எவ்வளவு பெரியது என்பதைக் காட்டிலும், அது கண்ணாடியின் எந்த அடுக்கில் இருக்கிறது, எந்த இடத்தில் இருக்கிறது, இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறதா என்பவையே அதன் அபாயத்தைத் தீர்மானிக்கின்றன. இம்மூன்றையும் வீட்டு வாசலிலேயே நின்று அறிந்துகொள்ள முடியும். மழைநீர் அந்தப் பிளவுக்குள் புகுவதற்கு முன் அதைச் செய்துவிட வேண்டும்.

முன்கண்ணாடி ஒரே தகடு அன்று. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 மி.மீ. தடிமனுள்ள இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே, பாலிவினைல் பியூட்டிரால் என்னும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் படலத்தை, பெரும்பாலும் 0.76 மி.மீ. தடிமனில், வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் ஒட்டி அது உருவாக்கப்படுகிறது. இதை அடுக்குக் கண்ணாடி என்பர். பிரெஞ்சு வேதியியலாளர் எதுவார் பெனெதிக்தஸ் 1909இல் காப்புரிமை பெற்ற முறையிலிருந்து வளர்ந்த இந்த அமைப்பில், கல் பட்டு வெளித்தகடு உடைந்தாலும் துண்டுகள் படலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். கதவுக் கண்ணாடிகளோ பொதுவாகச் சூடாக்கி விரைந்து குளிர்விக்கப்பட்ட ‘டஃபன்டு’ கண்ணாடிகள்; அவை உடைந்தால் முழுவதும் சிறு துகள்களாக உதிர்ந்துவிடும் என்பதால் அவற்றில் பழுதுபார்ப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. முன்கண்ணாடியின் பணி காற்றையும் மழையையும் தடுப்பதோடு முடிவதில்லை. வண்டி உருளும்போது கூரை நசுங்காமல் தாங்குவதில் அதற்குப் பங்குண்டு. பல கார்களில் முன்பக்கப் பயணியின் ஏர்பேக் விரியும்போது இந்தக் கண்ணாடியின் மீது மோதித்தான் பயணியை நோக்கித் திரும்புகிறது.

விரிசல் ஏன் வளர்கிறது என்பதை அறிந்தால்தான் இப்பருவத்தின் அவசரம் விளங்கும். கண்ணாடியின் வலிமை அதன் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய குறைகளால் வரம்பிடப்படுகிறது என்பதை ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் ஆர்னால்டு கிரிஃபித் 1921இல் வெளியிட்ட ஆய்வில் நிறுவினார். கண்ணாடியில் ஏற்படும் இழுவிசை விரிசலின் கூர்முனையில் பன்மடங்காகக் குவிவதாலும், விரிசல் நீள நீள அதை மேலும் நீட்டத் தேவையான விசை குறைந்துகொண்டே வருவதாலும், நேற்றுவரை அசையாதிருந்த கீறல் இன்று ஒரு வேகத்தடையில் வண்டி குலுங்கியவுடன் கோடாக ஓடிவிடுகிறது. இதில் நீருக்கும் நேரடிப் பங்கு உண்டு. இழுவிசைக்கு உட்பட்டிருக்கும் கூர்முனையில் சிலிக்கானையும் ஆக்சிஜனையும் இணைத்திருக்கும் பிணைப்புகளை நீர் மூலக்கூறுகள் வினைபுரிந்து அறுப்பதால், வறண்ட காற்றில் நின்றுவிடக்கூடிய விரிசல் ஈரத்தில் மெல்ல மெல்ல முன்னேறுகிறது. அதனுடன் வெப்ப வேறுபாடும் சேர்கிறது. வெயிலில் நின்று சூடேறிய கண்ணாடியின் வெளிப்புறத்தில் திடீர் மழை விழும்போது வெளித்தகடு சுருங்க முயல்கிறது. அதே வேளையில் உட்புற ஆவிப்படலத்தை நீக்கச் சூடான காற்று செலுத்தப்பட்டால் உள்தகடு விரிகிறது. இரண்டும் சேர்ந்து வெளித்தகட்டை இழுக்க, அதில் ஏற்கெனவே இருக்கும் பிளவு வாய் திறக்கிறது. மழைக்காலத்துச் சாலைப் பள்ளங்களில் ஒரு சக்கரம் மட்டும் இறங்கும்போது வண்டியின் உடல் முறுக்கப்படுவதும் கண்ணாடியின் ஓரங்களைத் தாக்கும்.

சேதத்தின் வகைகளில் எளியது குழி. கல்லின் முனை வெளித்தகட்டின் மேற்பரப்பிலிருந்து ஒரு துணுக்கைப் பெயர்த்துவிட்டு, சுற்றிலும் விரிசல் எதுவும் விடாமல் போயிருந்தால் அது வெறுங்குழி. அடுத்தது, மெக்கானிக்குகள் ‘புல்ஸ்-ஐ’ என்று சொல்லும் வட்ட உடைவு. உருண்டையான கல் மோதும்போது விரிசல் கண்ணாடிக்குள் கூம்பு வடிவில் விரிந்து இறங்குவதால், மேலே கடுகளவுக் குழியும் அடியில் அதைவிடப் பன்மடங்கு அகன்ற வட்டமும் உண்டாகின்றன. அந்த வட்டம் கருமையாகத் தெரிவதற்குக் காரணம், பிளவில் அடைபட்ட மெல்லிய காற்றுப்படலம் ஒளியை உள்ளே விடாமல் எதிரொளிப்பதாகும். வட்டம் முழுமையடையாமல் பிறைபோல் நின்றால் அது அரைவட்ட உடைவு. இவை இரண்டும் வளைவாகவே நிற்பதால் ஒப்பீட்டளவில் அடங்கியிருக்கக் கூடியவை. கூர்மையான ஜல்லி பட்டால் உண்டாகும் நட்சத்திர உடைவு அப்படிப்பட்டதன்று. மையத்திலிருந்து புறப்படும் ஒவ்வொரு காலும் ஒரு கூர்முனையில் முடிவதால், எந்தக் காலும் எந்த நாளும் நீளலாம். வட்டமும் கால்களும் ஒன்றாக அமைந்த கலப்பு உடைவு பலத்த மோதலின் அடையாளம். அதைத் தள்ளிப்போடுவதற்கு நியாயமே இல்லை.

நீள் விரிசல்களைப் பொறுத்தவரை அவை தொடங்கும் இடமே முதன்மையானது. ஓரத்திலிருந்து சுமார் 5 செ.மீ.க்குள் தொடங்குவது ஓர விரிசல். அதற்கு உள்ளே தொடங்கி, ஓரத்தைத் தொடாமல் நிற்பது நடுவிரிசல். கண்ணாடியின் ஓரம், வெட்டப்பட்ட விளிம்பின் நுண்குறைகளையும் சட்டத்தின் அழுத்தத்தையும் ஒருசேரச் சுமக்கும் பகுதியாதலால், அங்கே தோன்றும் விரிசல் பெரும்பாலும் தோன்றிய வேகத்திலேயே ஓடி நீண்டுவிடும். ஓரத்தைச் சுற்றியுள்ள கறுப்புப் பட்டையின் அடியில் தொடக்கப்புள்ளி மறைந்திருக்கக்கூடும் என்பதால் அங்கே டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாகப் பாய்ச்சிப் பார்ப்பது நல்லது. கல் பட்ட தடமே இல்லாமல் ஓரத்திலிருந்து உள்நோக்கி வளைந்து செல்லும் விரிசல்களும் உண்டு. அவை வெப்ப வேறுபாட்டாலோ, கண்ணாடியைச் சரியாகப் பொருத்தாததாலோ, சட்டம் துருவேறி அழுத்துவதாலோ வரும் அழுத்த விரிசல்கள். ஒரு பால்பாயின்ட் பேனாவின் முனையை அழுத்தாமல் விரிசலின் முழுநீளத்திலும் நகர்த்திச் செல்லும்போது அது எங்குமே ஒரு குழியில் இடறவில்லையானால், அது அழுத்த விரிசலாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. அத்தகைய நிலையில் சட்டத்தைச் சோதிக்காமல் புதுக் கண்ணாடி மட்டும் மாற்றுவது பயன் தராது.

சேதம்போல் தோன்றினாலும் விரிசல் அல்லாதவை சில உண்டு. போர்வெல் நீரில் கழுவி, துடைக்காமல் வெயிலில் காயவிட்ட கண்ணாடியில் படியும் வெள்ளை உப்புக்கறை அவற்றுள் ஒன்று. அது நகத்தில் தட்டுப்படாது, முறையாகத் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். நெடுஞ்சாலை மணலும் தூசியும் பல ஆண்டுகள் மோதி உண்டாக்கும் ஊசிமுனைப் புள்ளிகள் பகலில் தெரிவதில்லை. இரவு மழையில் எதிரே வரும் ஹெட்லைட் வெளிச்சம் கண்ணாடி முழுவதும் சிதறிப் பரவும்போதுதான் அவற்றின் தீங்கு தெரியும். கோடை வெயிலில் ரப்பர் இறுகிய வைப்பர் இழுத்த வில்வடிவக் கீறலில் நகம் மாட்டுகிறது என்றால் அது தேய்த்து நீக்கக்கூடிய ஆழத்தைக் கடந்துவிட்டது. வைப்பர் பிளேடுகளை இப்போதே மாற்றுவதும், தூசி படிந்த கண்ணாடியில் நீர் தெளிக்காமல் வைப்பரை ஓடவிடாதிருப்பதும் அவசியம். ஓரங்களில் பால்போன்ற வெண்மை பரவியிருந்தால் அது நடுப்படலம் பிரியத் தொடங்கியதன் அறிகுறி. அதற்குப் பழுதுபார்ப்பு கிடையாது.

சோதனையை நிழலில், கண்ணாடி குளிர்ந்தும் முற்றிலும் உலர்ந்தும் இருக்கும்போது செய்ய வேண்டும். ஈரக் கண்ணாடியில் செய்யும் சோதனை ஏமாற்றிவிடும்: பிளவிலிருந்த காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொண்டால் ஒளி எதிரொளிப்பது குறைந்து, விரிசல் மங்கி, சில வேளைகளில் மறைந்தே போனதுபோல் தெரியும், காய்ந்தபின் மீண்டும் தெரியும். முதலில் வெளியிலிருந்து நகத்தால் சேதத்தைத் தடவி, பின்னர் உள்ளே அமர்ந்து அதே இடத்தின் உட்புறத்தை விரல் நுனியால் தடவ வேண்டும். உட்புறம் வழவழப்பாக இருந்தால் வெளித்தகடு மட்டுமே உடைந்திருக்கிறது எனலாம்; சொரசொரப்போ, கண்ணாடித் துகளோ தட்டுப்பட்டால் உள்தகடும் உடைந்துள்ளது, அந்தக் கண்ணாடியை மாற்றியே ஆக வேண்டும். அடுத்து, விரிசலின் ஒவ்வொரு முனையையும் கண்ணாடியின் உட்புறத்தில் மார்க்கர் பேனாவால் சிறு கோடிட்டு, அருகில் தேதியையும் குறித்துவைத்தால், சில நாள்களில் முனை கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். தாண்டியிருந்தால் அளவு சிறிதாயினும் காத்திருக்கக் கூடாது. அளவைப் பார்க்க 10 ரூபாய் நாணயம் போதும். அதன் விட்டம் 27 மி.மீ.

எந்த அளவுவரை பழுது பார்க்கலாம் என்பதற்கு அமெரிக்கக் கண்ணாடித் தொழிலின் தரநிலை வட்ட உடைவுக்கு 1 அங்குலம், கலப்பு உடைவுக்கு 2 அங்குலம், நட்சத்திர உடைவுக்கு 3 அங்குலம், விரிசலுக்கு 14 அங்குலம் என வரையறுக்கிறது. பிரிட்டனின் ஆண்டுத் தகுதிச் சோதனையோ இடத்தை முன்னிறுத்துகிறது: ஸ்டியரிங்கை மையமாகக் கொண்ட 290 மி.மீ. அகலப் பகுதியில் 10 மி.மீ.க்கு மேற்பட்ட சேதமும், வைப்பர் துடைக்கும் மற்ற பகுதியில் 40 மி.மீ.க்கு மேற்பட்ட சேதமும் ஏற்கப்படுவதில்லை. சாதாரண ஓட்டுநருக்குப் பிரிட்டனின் அணுகுமுறையே உகந்தது. ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே உள்ள சேதத்தைப் பழுது பார்த்தாலும் மங்கலான ஒரு தழும்பு எஞ்சும் என்பதாலும், மழையிரவில் அத்தழும்பு எதிர்வண்டியின் வெளிச்சத்தைச் சிதறடிக்கும் என்பதாலும், அங்கே கண்டிப்பு தேவை. ஓரத்தை எட்டிவிட்ட விரிசல் எவ்வளவு நீளமாயினும் மாற்றுவதற்கு உரியதென்றே கொள்ளுதல் நன்று.

பழுதுபார்ப்பு என்பது பிளவிலிருக்கும் காற்றை உறிஞ்சி நீக்கி, ஏறத்தாழக் கண்ணாடியைப் போலவே ஒளியை வளைக்கும் திரவப் பிசினை அதில் செலுத்தி, புறஊதா ஒளியால் இறுகச் செய்வதாகும். நீரும் அழுக்கும் சோப்பு நீரும் ஏற்கெனவே புகுந்துவிட்ட பிளவில் பிசின் சரியாகப் பற்றாது. ஆகவே சேதம் உண்டானவுடன், அந்த இடத்தைக் கழுவாமல், உலர்ந்த நிலையிலேயே ஒளிபுகும் டேப்பை ஒட்டி மூட வேண்டும். கடைகளில் கிடைக்கும் ஃபெவிகுவிக் போன்ற உடனடிப் பசைகளைப் பிளவில் விடுவது, பின்னர் முறையாகச் செய்யக்கூடிய பழுதுபார்ப்பையும் கெடுத்துவிடும்.

மாற்ற நேர்ந்தால், புதுக் கண்ணாடியின் கீழ்மூலையில் உள்ள முத்திரையில் ஐ.எஸ். 2553 என்ற இந்தியத் தரக் குறியீடும், அடுக்குக் கண்ணாடி என்பதைக் குறிக்கும் சொல்லும் இருப்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்கண்ணாடி அடுக்குக் கண்ணாடியாக இருப்பதையும் குறைந்தது 70 விழுக்காடு ஒளியை உள்ளே விடுவதையும் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 100ஆம் விதி வலியுறுத்துகிறது. கண்ணாடியைச் சட்டத்தோடு பிணைக்கும் யூரித்தேன் பசை இறுகுவதற்கு நேரம் பிடிக்கும். அந்த நேரம் பசைக்குப் பசை மாறும் என்பதால், வண்டியை எப்போது எடுக்கலாம் என்பதைக் கடையில் கேட்டறிந்து, அதுவரை ஓட்டாதிருக்க வேண்டும். முதல் நாள் கதவுக் கண்ணாடி ஒன்றைச் சற்று இறக்கிவைத்தால், கதவை மூடும்போது எழும் காற்றழுத்தம் பசையைப் பெயர்க்காது. ரியர்வியூ மிரருக்குப் பின்னால் கேமரா உள்ள கார்களில் அதை மறு அளவீடு செய்யாமல் வண்டியை வாங்கிவரக் கூடாது. பழைய கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேகைப் பெயர்த்து மீண்டும் பயன்படுத்த இயலாதாகையால், அதை வழங்கிய வங்கியிடம் புதியதற்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் வைத்திருப்போருக்குக் கண்ணாடிச் செலவு கிடைக்காது. முழுக் காப்பீட்டில் கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்கப்படுவதில்லையாயினும், கட்டாயக் கழிவுத் தொகை போக மீதிதான் வரும். அதோடு, கோரிக்கையற்ற ஆண்டுகளுக்கான தள்ளுபடியைக் காக்கும் கூடுதல் காப்பீட்டு இணைப்பை எடுக்காதவர்கள் அத்தள்ளுபடியையும் இழப்பர். முதலாண்டில் 20 விழுக்காட்டில் தொடங்கி 50 விழுக்காடுவரை உயரும் அத்தள்ளுபடியின் மதிப்பைக் கணக்கிட்டுவிட்டு, எது இலாபம் என முடிவெடுப்பதே முறை.

பருவமழைக்கு நடுவில் கல் பட்டுவிட்டால், முதலில் அந்த இடத்தை மெல்லிய துணியால் ஒற்றி உலர்த்தி டேப்பால் மூடி, வண்டியைக் கூரையின் கீழ் நிறுத்த வேண்டும். உட்புற ஆவிப்படலத்தை நீக்கக் கொதிக்கும் சூட்டைத் தவிர்த்து, ஏசியை மிதமான வெப்பநிலையில் ஓடவிடலாம். ஜல்லியோ எம்-சாண்டோ ஏற்றிய டிப்பர் லாரிக்குப் பின்னால் செல்ல நேர்ந்தால், இடைவெளியைக் கூட்டி வேகத்தைக் குறைக்க வேண்டும். மோதும் கல்லின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், சிறிதளவு வேகக் குறைப்பும் பெரும் வேறுபாட்டைத் தரும். மழை இரண்டு நாள் விட்டவுடன், பிளவு நன்கு உலர்ந்த நிலையில், வண்டியைப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். உள்ளே ஈரம் தங்கியிருக்கலாம் என்பதை அவரிடம் சொல்லிவிட்டால், பிசின் செலுத்தும் முன் இளஞ்சூட்டில் உலர்த்திக்கொள்வார்.