பகைமையற்ற எதிர்ப்பு

கொள்கையால் மாறுபடுதல் வேறு. மனிதரை வெறுத்தல் வேறு. இவ்வுண்மையைக் கரிசல் மண்ணாகிய கோவில்பட்டியில் வாழ்ந்த வ. உ. சிதம்பரனாரிடம் காணலாம்.

1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டு வெள்ளையர் ஆட்சியை எதிர்த்தார் அவர். அவ்வாட்சி 1908-இல் அவரைச் சிறையிலிட்டுச் செக்கிழுக்கச் செய்தது. வழக்கறிஞர் உரிமையையும் பறித்தது. 1912-இல் விடுதலை பெற்றும் வறுமையில் வாடினார். பின்னர் வாலஸ் என்னும் வெள்ளைக்கார நீதிபதியின் துணையால் அவ்வுரிமையை மீண்டும் பெற்றுக் கோவில்பட்டியில் வழக்காடினார். அந்நன்றியை மறவாது, தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார்.

அந்நிய ஆட்சி அறமன்று என்னும் கொள்கையை அவர் கைவிட்டாரல்லர். வெள்ளையர் என்பதற்காக ஒருவரை வெறுத்தாருமல்லர். பருத்திக் காட்டில் உழவன் களையைப் பறிக்கின்றான், மண்ணைப் பகைப்பதில்லை. மாணவர்களே, நாமும் தீமையை எதிர்ப்போம், மனிதரை வெறாதிருப்போம்.