எல்லையூரும் அச்சமும்

தமிழுலகின் வட எல்லை வேங்கடம், தென் எல்லை குமரி எனத் தொல்காப்பியப் பாயிரம் வரையறுக்கும். அக்குமரியைத் தன்பால் கொண்ட நம் மாவட்டத்திற்கு மேற்கே மற்றோர் எல்லையும் உண்டு. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தபோது களியக்காவிளை எல்லையூராயிற்று. கோடு விழுந்த பின்னரும் உறவும் வணிகமும் இருபுறமும் தொடர்ந்தன.

எனினும், எல்லையூர் என்றாலே குற்றம் மலிந்த இடம் என்னும் எண்ணம் பலரிடம் நிலவுகிறது. 2020 சனவரி 8ஆம் நாள் இரவு, அங்குள்ள சோதனைச் சாவடியில் பணியிலிருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். தேடப்பட்ட இருவர் சில நாள்களில் கருநாடகத்தின் உடுப்பியில் பிடிபட்டனர். காவலருக்கே காப்பில்லையெனில் நமக்கு ஏது என மக்கள் அஞ்சியது இயல்பே.

ஆயின் அச்சம் வேறு, ஐயம் வேறு. அச்சம் விழிப்பைத் தரும். ஐயமோ அண்டை வீட்டாரையும் அயலாராக்கும். 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் மூண்ட கலவரம் கடலோர ஊர்களுக்கும் பரவியபோது இவ்வுண்மையை நாம் கண்டோம். குற்றவாளியின் பெயரையும் சமயத்தையும் ஒத்தவரையெல்லாம் குற்றவாளியாகக் காண்பது நீதியன்று. அது காப்பும் ஆகாது. ஐயுறப்பட்டவர் தாம் அறிந்ததைக் காவல்துறையிடம் கூறத் தயங்குவர். அத்தயக்கமே குற்றவாளிக்கு மறைவிடமாகும்.

நாள்தோறும் அவ்வெல்லையை அமைதியாகக் கடப்போர் செய்தியாவதில்லை; ஓர் இரவின் கொடுமையே நினைவில் நிற்கிறது. இவ்விரண்டையும் சேர்த்து எண்ணி ஊரை மதிப்பிடுவோம். ஒளியுள்ள தெருவும், இரு மாநிலக் காவலரின் ஒத்துழைப்பும், அயலார்மீது கொள்ளும் நம்பிக்கையுமே எல்லையூரின் உண்மையான அரண்களாம்.