ஒரு மடிக்கணினி, இரு பணிசெயல் முறைமைகள்

கொச்சிக்கடையில் உள்ள எங்கள் வீட்டில் ஒரேயொரு மடிக்கணினிதான் இருக்கிறது. வாப்பாவின் கடைக் கணக்கு, ராத்தாவின் கலியாணப் படங்கள், என் பாடக் குறிப்புகள் எல்லாம் அதற்குள்ளேதான். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் நான், விண்டோஸ் 11 இருக்கவே உபுண்டு லினக்ஸையும் நிறுவ விரும்பினேன். "கணக்கு அழிஞ்சா யார் பொறுப்பு?" என்று கேட்டார் வாப்பா. அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது கற்றவற்றையே இங்கு எழுதுகிறேன்.

லினக்ஸ் போன்ற திறந்த மூல மென்பொருள்கள் நம் நாட்டுக்குப் புதியவையல்ல. 2004 சுனாமியின் பின், காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்ய இலங்கைத் தொண்டர்கள் உருவாக்கிய 'சஹானா' அத்தகையதே. 'ஹந்தான லினக்ஸ்' எனும் பணிசெயல் முறைமையும் இங்கு உருவானதே.

முதலாவது வேலை, பிறருடைய கோப்புகளைப் பாதுகாப்பது. அவை நம்மிடமுள்ள அமானிதம். எல்லாவற்றையும் வெளி வன்தட்டொன்றில் பிரதிசெய்து, சிலவற்றை வேறொரு கணினியில் திறந்து பார்த்தேன். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியை எழுதிவைத்து, பூட்டை நீக்கிவிட வேண்டும்.

இரண்டாவது, அளவிடுவது. 256 ஜிகாபைட் என விற்கப்பட்ட எங்கள் தட்டை விண்டோஸ் சுமார் 238 என்றே காட்டியது. இதில் ஏமாற்று எதுவுமில்லை. தயாரிப்பாளர் ஒரு ஜிகாபைட்டை 100 கோடி பைட் எனக் கணக்கிடுகிறார். விண்டோஸோ 1024×1024×1024 பைட் எனக் கணக்கிடுகிறது.

மூன்றாவது, பங்கிடுவது. எங்கள் விண்டோஸும் கோப்புகளும் 110 ஜிகாபைட்டைப் பிடித்திருந்தன. உபுண்டு 24.04 இற்குப் பரிந்துரைக்கப்படும் இடம் 25 ஜிகாபைட். ஆனால் மென்பொருள்களும் இற்றைப்படுத்தல்களும் சேரச் சேர அது போதாமற் போகும். ஆகவே உபுண்டுவுக்கு 50, மீதி 188 விண்டோஸுக்கு என முடிவுசெய்தேன். விண்டோஸ் பகுதியிலுள்ள கோப்புகளை உபுண்டுவிலிருந்தும் திறக்கலாம் என்பதால் இரண்டு பிரதிகள் தேவையில்லை. ஆனால் விண்டோஸின் 'வேகத் தொடக்கம்' வசதியை நிறுத்திவிட வேண்டும்.

நான்காவது, சுருக்குவது. இங்குதான் தடுமாறினேன். 128 ஜிகாபைட் வெறுமையாக இருந்தும், 31 மட்டுமே பிரித்துத்தர முடியும் என்றது விண்டோஸ். மண்டபத்தைப் பலகையால் மறிக்கப்போகும்போது, நகர்த்த முடியாத அலுமாரி நடுவில் நிற்பதைப் போன்றது இது. நினைவகத்துக்கான பக்கக் கோப்பு, உறக்கநிலைக் கோப்பு போன்றவை தட்டின் நடுவே கிடந்தன. அவற்றைத் தற்காலிகமாக நிறுத்தி, கணினியை மீளத் தொடக்கியதும் 50 ஜிகாபைட் கிடைத்தது. வெறுமையான இடமெல்லாம் பிரித்துக் கொடுக்கக்கூடிய இடமல்ல என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன்.

இறுதியாக நிறுவும்போது, 'முழுத்தட்டையும் அழி' என்ற தெரிவைத் தொடாமல், 'விண்டோஸுடன் சேர்த்து நிறுவு' என்பதைத் தெரிவுசெய்தேன். திரையில் வந்த அளவுகளை இருமுறை வாசித்த பின்னரே அடுத்த பொத்தானை அழுத்தினேன்.

இப்போது கணினியைத் தொடக்கினால் எந்த முறைமை வேண்டும் என்று கேட்கிறது. வாப்பா முதல் வேலையாகத் தன் கணக்கைத் திறந்து, கடைசி வரிவரை பார்த்தார். "சரி, எல்லாம் இருக்கு" என்றார். அந்த வெளி வன்தட்டை இன்னும் நான் வெறுமையாக்கவில்லை. வாரந்தோறும் புதிய கோப்புகளை அதில் பிரதிசெய்து வருகிறேன்.