தூக்கணாங்குருவியும் சாலிம் அலியும்

பனையோலை நுனியிலும் கிணற்றோரத்து மரக்கிளையிலும் சுரைக்குடுவைபோலத் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடுகளை நாட்டுப்புறத்தார் நன்கறிவர். அவற்றுட் சில நீண்ட வாயிற்குழலோடு முற்றுப்பெற்றிருக்கும். சில, தாடைவாருடன் கூடிய தலைக்கவசம்போல அரைகுறையாய் நிற்கும். இவ்வரைக்கூடுகள் எதற்கு? பெடை அடைகாக்கும்பொழுது சேவல் அருகமர்ந்து துணையிருக்கும் ஊஞ்சல்கள் இவை எனப் பழைய பறவைநூலார் சிலர் கருதினர்.

1930-ஆம் ஆண்டில் சாலிம் அலி ஜெர்மனியிற் பறவையியல் பயின்று பம்பாய்க்கு மீண்டார். முன்பு அவர் வகித்த பணி அப்பொழுது இல்லாமற் போயிற்று. ஆதலின், துறைமுகத்துக்கு அப்பால் கடலோரத்திலுள்ள கிகிம் என்னும் சிற்றூரில் மனைவியாருடன் தங்கினார். வேலையின்மை அவருக்கு இன்னலே; பறவைநூலுக்கோ அது பேறாயிற்று. அங்கே தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டின. மனிதன் நிற்பதை அறிந்த பறவை தன் தொழிலை மறந்து அஞ்சிக் கத்தும். எனவே, கூடுகளுக்கு அருகில் மறைந்திருந்து, அம்மழைக்காலம் முழுவதும் பொறுமையுடன் அவற்றை நோக்கினார்.

கூடு கட்டுவது சேவலே. அது நெல்லிலையின் ஓரத்தை அலகாற் சிறிது வெட்டி, அம்முனையைப் பற்றிக்கொண்டு பறக்கும். நீண்ட நார் கிழிந்து உடன்வரும். அதனைக் கிளையில் முடிந்து, வளையமாக்கி, வளையத்தின்மேல் கவிகை பின்னும். ஒரு கூடு முடிய ஏறக்குறைய 500 முறை நார் சுமக்க நேரும். இடையே ஈரமண்ணைக் கொணர்ந்து உட்சுவரில் அப்பும். அதில் மின்மினியைப் பதித்து விளக்கேற்றும் என்பர் மக்கள். மண் அப்புவது மெய். விளக்கு, இனிய கற்பனை.

கூடு கவச நிலையை எட்டியதும் பெடைகள் கூட்டமாய் வரும். சேவல்கள் சிறகடித்து ஆரவாரிக்கும். அவ்வாரவாரத்துக்குப் பெடை எளிதில் மயங்குவதில்லை. உட்புகுந்து, நாரை இழுத்துப் பார்க்கும். மனத்துக்கு ஒவ்வாதாயின் அடுத்த கூட்டுக்குச் சென்றுவிடும். பெடை ஏற்றுக்கொண்ட கூட்டுக்கே சேவல் முட்டையறையும் வாயிற்குழலும் சேர்த்து முடிக்கும். எப்பெடையும் ஏற்காத கூடு அரைகுறையாகவே காற்றில் ஆடும். ஊஞ்சல் என எண்ணப்பட்டவற்றின் உண்மை இதுவே. இச்செய்திகள் 1931-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளிவந்தன.

சேவல் துணையிருக்கும் என்ற எண்ணமும் பொய்த்தது. பெடை இரண்டு முதல் நான்கு முட்டைகள் இட்டுத் தனியே அடைகாக்கும். சேவலோ அதே மரத்தின் வேறொரு கிளையில், மற்றொரு பெடையை எதிர்நோக்கி, அடுத்த கூட்டின் முதல் முடிச்சை முடிந்துகொண்டிருக்கும்.