பெரிய கம்பெனி ஆப் என்றால் நம்பலாமா?



சின்ன வெங்காயம், பருத்தி என்று செலவு நெருக்கும் நேரத்தில் “5 நிமிடத்தில் கடன்” என்று செல்போனில் வருகிறது. “கூகுள் பிளே ஸ்டோரில்தானே இருக்கு, பயமில்லை” என்கிறோம். 2022 செப்டம்பர் முதல் 2023 ஆகஸ்ட் வரை அந்தக் கூகுளே 2,200-க்கும் மேற்பட்ட கடன் ஆப்களை நீக்கியது. அதுவரை அவையும் அங்கேதான் இருந்தன.

அப்படிப்பட்ட ஆப் முதலில் கேட்பது, போனில் உள்ள நம்பர்களையும் போட்டோக்களையும் பார்க்க அனுமதி. கொடுத்துவிட்டால் குழுத் தலைவி, சம்பந்தி, பிள்ளையின் வாத்தியார் என எல்லார் நம்பரும் அவர்கள் கையில். தவணை தவறினால் அத்தனை பேருக்கும் போன் போகும். படத்தை அசிங்கமாக மாற்றி அனுப்பியதும் நடந்திருக்கிறது. நம் குழுவில் கடன் கேட்டால் சொந்தக்காரர் நம்பரையெல்லாம் எழுதியா வாங்குகிறோம்? தீர்மான நோட்டில் கையெழுத்து, அவ்வளவுதானே!

ரிசர்வ் வங்கியின் விதிப்படி கடன் ஆப்கள் நம் போனிலுள்ள நம்பர்களையோ படங்களையோ எடுக்கக்கூடாது. கேட்டாலே அந்த ஆப்பை அழித்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பும் விதிவிலக்கில்லை. பயனாளிகள் விவரத்தை மற்ற மெட்டா கம்பெனிகளுடன் பகிரக் கட்டாயப்படுத்தியதாக 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் மெட்டாவுக்கு 213 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஆதார், பாஸ்புக் படங்களைக் குழு வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். நகலை நேரில் கொடுங்கள்.

யாராவது மிரட்டினால் பணம் கட்டாமல், உடனே 1930-க்குப் போன் பண்ணுங்க.