உறங்கும் கணனியும் மலைநாட்டு மின்சாரமும்

மேசைக் கணனி வைத்திருப்போர் பலரும் ஒரே வகையான முறைப்பாடுகளைச் சொல்லக் கேட்கிறோம். "திரை கறுத்துக் கிடக்கிறது, எதை அழுத்தினாலும் எழும்பவில்லை" என்கிறார் ஒருவர். "இரவில் உறங்க வைத்த கணனி நடுச்சாமத்தில் தானாக இயங்குகிறது" என்கிறார் இன்னொருவர். "காலையில் வந்து பார்த்தால் நேற்றுத் தட்டச்சு செய்த எதுவுமே இல்லை" என்பது மூன்றாமவரின் கவலை. இம்மூன்றும் 'ஸ்லீப்' என ஆங்கிலத்தில் அழைக்கப்படும் உறக்க நிலையோடு தொடர்புடைய குறைகளாகும். கணனி பழுதாகிவிட்டது என எண்ணி அதைப் பஸ்ஸில் ஏற்றிப் பதுளைக்கோ பண்டாரவளைக்கோ கொண்டு சென்று, பணத்தையும் ஒரு நாட் சம்பளத்தையும் இழந்து திரும்புவோரும் உண்டு. பல வேளைகளில் அதற்குத் தேவையே இல்லை.

இதைச் சிறிய விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. இன்று பரீட்சை விண்ணப்பம், வேலை விண்ணப்பம், பாடசாலைப் புள்ளிப் பட்டியல், சங்கக் கணக்கு யாவும் கணனியில் எழுதப்படுகின்றன. பசறை, லுணுகலை, நமுனுகுலை, ஹப்புத்தளைப் பகுதிகளில் வீட்டில் கணனி இல்லாத தோட்டத்துப் பிள்ளை ஒன்று, பாடசாலையிலோ வாசிகசாலையிலோ தனக்குக் கிடைத்த இரண்டு மணி நேரத்தில் எழுதிய ஒப்படை அழிந்துபோனால், அதை மீண்டும் எழுத இன்னொரு வாரம் காத்திருக்க வேண்டியிருக்கும். ஆகவே, உறக்க நிலை என்றால் என்ன, அதில் ஏற்படும் குறைகளை நாமே எவ்வாறு கண்டறியலாம் என்பதை இங்கு ஒழுங்காகப் பார்ப்போம்.

உறக்கம் என்பது நிறுத்தம் அன்று

கணனிக்கு இரண்டு வகையான நினைவிடங்கள் உண்டு. நாம் வேலை செய்துகொண்டிருக்கும்போது எழுத்துகளும் படங்களும் தங்குவது 'ராம்' எனப்படும் தற்காலிக நினைவகத்தில். 'சேவ்' செய்தபின் அவை நிலைப்பது ஹார்ட் டிஸ்கில். தோட்டத்தில் கொழுந்து பறிப்போருக்கு இந்த வேறுபாட்டை எளிதில் விளக்கலாம். கூடையில் உள்ள கொழுந்து ராம் போன்றது. மடுவத்தில் நிறுத்துக் கணக்கில் பதிந்த கொழுந்து ஹார்ட் டிஸ்க் போன்றது. கூடையில் எவ்வளவு நிறைந்திருந்தாலும், நிறுக்குமுன் சரிந்து கொட்டினால் அது பெயரில் ஏறாது.

கணனி உறங்கும்போது திரை அணைகிறது, மூளையாகிய புரொசெசர் ஓய்கிறது, விசிறி நிற்கிறது. ஆனால் ராம் மட்டும் விழித்திருக்கிறது. அதைக் காப்பதற்குச் சில வாற் மின்சாரம் இடையறாது சென்றுகொண்டே இருக்கிறது. கூடையைத் தாங்கும் தலைக்கயிறு எதுவோ, ராமுக்கு அந்தச் சிறிய மின்னோட்டம் அதுவே. கயிறு அறுந்தால் கூடை சரியும். மின்சாரம் நின்றால் ராமில் உள்ளது அத்தனையும் அழியும். மடிக்கணனிக்கு உள்ளே பற்றரி இருப்பதால் அது தாங்கும். மேசைக் கணனிக்கு அந்த ஆதாரம் கிடையாது.

உறக்கத்துக்கு அடுத்ததாக 'ஹைபர்னேட்' என்றொரு நிலை உண்டு. இதில் கணனி, ராமில் உள்ளவற்றை முழுமையாக ஹார்ட் டிஸ்கில் எழுதிவைத்துவிட்டு அணைகிறது. அதன்பின் மின்சாரமே தேவையில்லை. மீண்டும் போடும்போது விட்ட இடத்திலிருந்தே வேலையைத் தொடரலாம். திறக்கச் சற்று நேரம் கூடுதலாக எடுக்கும், அவ்வளவே. மூன்றாவது 'ஹைபிரிட் ஸ்லீப்' எனும் கலப்பு உறக்கம். இதில் ராமும் விழித்திருக்கும், ஒரு பிரதி டிஸ்கிலும் எழுதப்பட்டிருக்கும். மின்சாரம் நிற்காவிட்டால் உடனே எழும்பும். நின்றுபோனால் டிஸ்கிலுள்ள பிரதியிலிருந்து எழும்பும்.

இந்த நிலைகளையெல்லாம் ஒழுங்குபடுத்தும் பொதுவிதி 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசொஃப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்களால் வெளியிடப்பட்டது. அதன்படி இயக்க மென்பொருளும், தாய்ப்பலகையில் உள்ள 'பயோஸ்' மென்பொருளும், ஒவ்வொரு உறுப்புக்குமுரிய 'ட்ரைவர்' மென்பொருளும் ஒன்றோடொன்று ஒத்துழைத்தால்தான் கணனி ஒழுங்காக உறங்கி எழும்பும். இவற்றில் ஒன்று முரண்பட்டாலும் குறை தோன்றும்.

ஊவாவில் இது ஏன் பெரிய பிரச்சினை?

மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலானால் இடியும் மின்னலும் மலைகளை நிறைப்பதை நாம் அறிவோம். கம்பிமேல் மரம் விழுவதும், மின்சாரம் ஒரு கணம் போய்வருவதும் வழக்கமான காட்சிகள். அத்துடன் நாடளாவிய தடைகளும் உண்டு. 2022 மார்ச் 31ஆம் திகதி 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதால் நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் மழையும் மண்சரிவும் பதுளை மாவட்டத்தை வாட்டியபோது நேர்ந்த இருளையும் எவரும் மறக்கமாட்டார்.

மின்சாரம் இடையறாது வரும் ஊருக்கு வெறும் உறக்கம் பொருத்தமானது. நமக்கோ அது ஆபத்தானது. ஆகவே நமது மேசைக் கணனிகளில் முதலில் செய்ய வேண்டியது, வெறும் உறக்கத்தைக் கலப்பு உறக்கமாகவோ ஹைபர்னேட்டாகவோ மாற்றுவதாகும்.

விண்டோஸ் கணனியில் 'கொன்ட்ரோல் பெனல்' சென்று 'பவர் ஒப்ஷன்ஸ்' என்பதைத் திறக்கவும். 'சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ்', பின்பு 'சேஞ்ச் அட்வான்ஸ்ட் பவர் செட்டிங்ஸ்' என்று செல்லவும். அங்கே 'ஸ்லீப்' என்ற தலைப்பை விரித்தால் 'அலவ் ஹைபிரிட் ஸ்லீப்' என்ற வரி தோன்றும். அதை 'ஒன்' என்று மாற்றவும். சில கணனிகளில் அந்த வரி காணப்படாது. அப்போது 'ஸ்லீப் ஆஃப்டர்' என்பதை 'நெவர்' ஆக்கி, 'ஹைபர்னேட் ஆஃப்டர்' என்பதில் 30 நிமிடம் என்று குறிக்கவும். இதற்கு ஹார்ட் டிஸ்கில் சில கிகாபைட் இடம் வெறுமையாக இருக்க வேண்டும்.

எழும்பாத கணனி

திரை கறுத்து, விசிறி மட்டும் சுழன்றால் பதற்றப்பட்டுச் சுவரிலுள்ள ஆளியை அணைத்துவிடக் கூடாது. பின்வரும் ஒழுங்கில் பார்க்க வேண்டும்.

முதலாவது, மொனிட்டரின் ஆளியையும் வயரையும் பார்க்கவும். அடுத்து, கணனியின் பவர் பொத்தானை ஒருமுறை இலேசாக அழுத்திவிட்டுச் சற்றுப் பொறுக்கவும். சில கணனிகள் விசைப்பலகைக்கோ மௌஸுக்கோ எழும்பமாட்டா. பொத்தானுக்கு மட்டுமே எழும்பும். பொத்தானை நாலைந்து விநாடி தொடர்ந்து அழுத்திப் பிடித்தால் கணனி வலிந்து அணைக்கப்பட்டுவிடும். அது கடைசி வழியாகவே இருக்கட்டும்.

இரண்டாவது, விசைப்பலகையில் 'கெப்ஸ் லொக்' விசையை அழுத்திப் பார்க்கவும். அதன் சிறிய விளக்கு எரிந்து அணைந்தால் கணனி விழித்துவிட்டது, திரைக்குப் படம் அனுப்பும் பகுதி மட்டுமே விழிக்கவில்லை என்று அறியலாம். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் விண்டோஸ் விசை, கொன்ட்ரோல், ஷிஃப்ட் ஆகிய மூன்றையும் பிடித்துக்கொண்டு 'பி' எழுத்தை அழுத்தினால் அந்தப் பகுதி மீண்டும் தொடங்கும். அதன்மூலம் திரை வந்தால், திரைக்குரிய ட்ரைவரைக் கணனி அல்லது உறுப்புத் தயாரித்த நிறுவனத்தின் இணையப் பக்கத்திலிருந்து புதுப்பிப்பதே நிரந்தர மருந்து.

மூன்றாவது, விளக்கும் அசையாவிட்டால் குறை உள்ளே இருக்கலாம். கணனி தொடங்கும்போது திகதியும் நேரமும் பிழையாகக் காட்டினால், தாய்ப்பலகையில் நாணயம்போல இருக்கும் 3 வோல்ற் பற்றரி தீர்ந்துவிட்டது என்பது பொருள். அது தீர்ந்தால் பயோஸில் நாம் வைத்த ஒழுங்குகள் மறைந்துபோகலாம். சி.ஆர். 2032 எனக் கேட்டால் கடைகளில் சிறிய விலைக்குக் கிடைக்கும். ஈரமும் மூடுபனியும் மிகுந்த இடங்களில் ராம் பலகையின் முனைகளில் அழுக்குப் படிவதும் உண்டு. பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, சில நிமிடம் பொறுத்து, பலகையை மெதுவாக எடுத்து உலர்ந்த துணியால் துடைத்து மீண்டும் அழுத்தமாகப் பொருத்தலாம். இதில் பழக்கமில்லாதோர் அறிந்தவர் ஒருவரைக் கொண்டு செய்விப்பதே நலம்.

மின்சாரம் நிற்காமலே உறங்கிய கணனி வேலையை இழந்து புதிதாகத் தொடங்கினால், மின்வழங்கியை ஐயுற வேண்டும். உறக்கத்தில் அதன் 5 வோல்ற் இணைப்பு ஒன்றே ராமைக் காக்கிறது. பழைய மின்வழங்கிகளில் அது தளர்ந்துபோவதுண்டு. அதைத் திறந்து திருத்த முயல வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பின்னும் அதனுள் அபாயகரமான மின்னேற்றம் தங்கியிருக்கும். மாற்றுவதே சரி.

தானாக எழும்பும் கணனி

இதற்கும் பேய்க்கும் சம்பந்தமில்லை! எழுப்பியவர் யார் என்று கணனியையே கேட்கலாம். 'கொமாண்ட் ப்ரொம்ப்ட்' என்ற கரும்பலகை போன்ற பகுதியைத் திறந்து, 'பவர்' என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துகளை இடைவெளியின்றிச் சேர்த்து எழுதவும். பின் ஓர் இடைவெளி விட்டு, வலப்பக்கம் சாய்ந்த கோட்டை இட்டு, 'லாஸ்ட்வேக்' என்று ஒரே சொல்லாக எழுதி 'என்டர்' விசையை அழுத்தவும். கடைசியாக எழுப்பிய உறுப்பின் பெயரைக் கணனியே காட்டும்.

அது மௌஸ் எனக் கண்டால், மேசை ஆடும்போதோ பளபளப்பான மேற்பரப்பினாலோ அது அசைந்ததாகக் கணனி எண்ணியிருக்கலாம். 'டிவைஸ் மெனேஜர்' பகுதியில் அந்த உறுப்பைத் திறந்து, 'பவர் மெனேஜ்மென்ட்' என்பதன்கீழ் கணனியை எழுப்ப அனுமதிக்கும் வரியின் அடையாளத்தை நீக்கிவிடவும். வலைப்பின்னல் அட்டையானாலும் இதே வழிதான். நேரம் வைத்து எழுப்பும் மென்பொருளானால், முன்சொன்ன 'ஸ்லீப்' தலைப்பின்கீழ் 'அலவ் வேக் டைமர்ஸ்' என்பதை 'டிசேபிள்' ஆக்கவும்.

போன மின்சாரம் திரும்பி வந்ததும் கணனி தானாகத் தொடங்குவது வேறொரு குறை. அது பயோஸில் உள்ள ஒழுங்கு. மின்சாரம் திரும்பினாலும் அணைந்தே இருக்கும்படி அதை மாற்றிவைப்பது இங்கு பாதுகாப்பானது. ஏனெனில் மின்சாரம் மீளும் முதற்கணங்களில் அழுத்தம் ஏறி இறங்கலாம்.

உறங்க மறுக்கும் கணனி

அதே கொமாண்ட் ப்ரொம்ப்ட்டை 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' எனத் திறந்து, 'லாஸ்ட்வேக்' என்பதற்குப் பதிலாக 'ரிக்வெஸ்ட்ஸ்' என்று எழுதினால், உறங்கவிடாமல் தடுக்கும் மென்பொருளின் பெயர் வெளிப்படும். பெரும்பாலும் அது ஓடிக்கொண்டிருக்கும் பாடலாகவோ, மூடப்படாத இணையப் பக்கமாகவோ இருக்கும். அதை மூடினால் போதும். எதுவும் புலப்படாவிட்டால் 'ரீஸ்டார்ட்' செய்யவும். விண்டோஸ் 8 முதல் 'ஷட்டவுன்' செய்வது பல கணனிகளில் முழுமையான நிறுத்தமாக அமைவதில்லை. 'ரீஸ்டார்ட்' தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குகிறது.

யு.பி.எஸ். பற்றி ஒரு சொல்

யு.பி.எஸ். பெட்டி இருந்தால் கவலையில்லை என்று எண்ணுவோர் உண்டு. அது மின்சாரம் போனபின் தொடர்ந்து வேலை செய்வதற்கன்று. செய்த வேலையைச் சேமித்துக் கணனியை ஒழுங்காக அணைப்பதற்கே. அதன் பற்றரி சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். யு.எஸ்.பி. வயர் இணைக்கும் வசதியுள்ள பெட்டியானால் அந்த வயரைக் கட்டாயம் இணைக்கவும். அப்போது பற்றரி குறையும் தருணத்தில் கணனி தானாகவே ஹைபர்னேட் ஆகும்படி பவர் ஒப்ஷன்ஸில் ஒழுங்கு செய்யலாம். ஆயினும் மின்னல் வேளையில் பெட்டியை நம்பியிருக்க வேண்டாம். கணனியை அணைத்து, பிளக்கையும் ரெலிபோன் வயரையும் கழற்றிவிடுவதே உறுதியான காவல்.

நினைவில் கொள்க

1. உறங்கும் மேசைக் கணனி மின்சாரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஹைபர்னேட் ஆன கணனிக்கு மின்சாரம் தேவையில்லை.

2. எழுந்து செல்லுமுன் கொன்ட்ரோல் விசையுடன் 'எஸ்' எழுத்தை அழுத்திச் சேமிக்கவும். இதற்கு ஒரு விநாடி போதும்.

3. எழும்பாவிட்டால் முதலில் திரை, பின்பு பொத்தான், பின்பு விசைப்பலகை விளக்கு, அதன்பின்பே உள்ளுறுப்பு என்ற ஒழுங்கில் தேடவும்.

4. ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து பார்க்கவும். பலவற்றை ஒருங்கே மாற்றினால் எது குணப்படுத்தியது என்று அறிய முடியாது.

5. செய்த மாற்றத்தைத் திகதியுடன் ஒரு கொப்பியில் எழுதிக் கணனியின் அருகில் வைக்கவும். அடுத்து வருபவருக்கு அது உதவும்.

குழுவாகக் கலந்துரையாட

உங்கள் பாடசாலையிலோ வாசிகசாலையிலோ உள்ள கணனி இப்போது எந்த நிலைக்குச் செல்லும்படி வைக்கப்பட்டுள்ளது? வேலையைச் சேமித்துவிட்டு அதை உறங்க வையுங்கள்; பின்பு சுவரின் ஆளியை அணைத்து மீண்டும் போட்டுப் பாருங்கள். திறந்திருந்த பக்கம் அப்படியே திரும்பி வருகிறதா? வராவிட்டால், இன்றே செய்ய வேண்டிய மாற்றம் எது? அதைச் செய்யும் பொறுப்பை யார் ஏற்பது?