தொழிலறிவே முதற்பொருள்

பொருளை ஈட்டுதல் அரிது. ஈட்டிய பொருளைத் தலைமுறை கடந்து காத்தல் அதனினும் அரிது. ஆதலின் செல்வக் குடும்பத்தார் சிலர், தம் பொருளைப் பேணவும் தக்க தொழில்களில் இடவும் தனி அலுவலகம் ஒன்றை அமைத்துக்கொள்வர். அமெரிக்காவில் ராக்பெல்லர் குடும்பத்தார் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இவ்வாறு செய்தனர். இதனை இக்காலத்தார் 'பாமிலி ஆபீஸ்' என்பர்; யாம் குடும்ப நிதியகம் என்போம். பரம்பரைத் தொழிலிற் பெற்ற அறிவு இந்நிதியகத்திற்கு எங்ஙனம் உதவும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

சான்று தேடி நெடுந்தொலை செல்லவேண்டுவதில்லை. 1911-இல் மதுரையில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் தோற்றுவித்த நிறுவனம், மோட்டார்ப் போக்குவரத்தில் வேரூன்றி வளர்ந்தது. அவர் மைந்தர் டி. எஸ். சந்தானம் 1954-இல் சென்னையில் சுந்தரம் பைனான்ஸைத் தொடங்கினார். லாரி முதலிய வண்டிகள் வாங்குவோர்க்குத் தவணைக் கடன் கொடுத்தலே அதன் தொழில். அந்நாளில் பாங்குகள் லாரிக்காரரை நம்பிக் கடன் கொடுக்கத் தயங்கின. எந்த வண்டி எத்தனை ஆண்டு உழைக்கும், பழையதானால் என்ன விலைக்குப் போகும், அதனை ஓட்டுவோர் எத்தகையர் என்பவற்றை வண்டித் தொழிலில் வளர்ந்தவர் அறிவர். பிறர் அஞ்சிய இடத்தில் அவர் துணிந்தமைக்கு இவ்வறிவே அடிப்படை. பின்னர் 1960-இல் வீல்ஸ் இந்தியா, 1961-இல் லூக்காஸ் டி.வி.எஸ்., 1962-இல் பிரேக்ஸ் இந்தியா என அக்குடும்பம் வண்டி உறுப்புகள் செய்யும் தொழில்களிற் புகுந்தது. தம்பால் இல்லாத நுட்பத்தைப் பிரிட்டானிய நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து பெற்றது.

எனினும் தொழிலறிவு ஒன்றே அரணாகாது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கடன் தொழிலில் வல்லவர். பர்மாவில் நெற்பயிர் செய்வோர்க்குப் பெரும்பொருள் கொடுத்தனர். 1930-ஐ ஒட்டி நெல் விலை வீழ்ந்தது. ஈடு வைத்த நிலங்கள் அவர் கைக்கு வந்தன. அப்பத்தாண்டின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் ஏறக்குறைய நான்கிலொரு பங்கு அவரிடம் இருந்தது. 1942-இல் ஜப்பானியர் படையெடுப்பும், பின்னர் எழுந்த பர்மிய அரசின் நிலச்சட்டங்களும் அச்செல்வத்தைப் போக்கின. ஒரே பயிரில், ஒரே நாட்டில் முதலனைத்தும் நிற்குமாயின், வல்லவரும் தப்புதல் அரிது. திருக்குறளில் தெரிந்துசெயல்வகையை அடுத்து வலியறிதல் வைக்கப்பட்டிருத்தல் கருதத்தக்கது.

இவையெல்லாம் செல்வர் கதை. எளியோர்க்கு என்ன பயன் எனின், கூறுவாம். கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலை போன்ற ஊரில் ஒரு குடும்பம் நிலத்தை விற்றுக் கையிற் பணம் பெறுகின்றது என்க. பல்லைப் பிடித்துப் பார்த்தே மாடு வாங்கும் அக்குடும்பத் தலைவர், முன்பின் அறியாதான் ஒருவன் மாதந்தோறும் பெருவட்டி தருவதாகச் சொன்னவுடன், தாளிலுள்ளதைப் படியாமலே கையெழுத்திடுதல் என்ன முறை! அப்பணத்தில் ஒரு பகுதியைத் தாம் அறிந்த பால், மணிலா முதலிய தொழில்களில் இடலாம். மற்றொரு பகுதியை பாங்கிலோ தபால் நிலையத்திலோ வைக்கலாம். அதுவே அவர்தம் குடும்ப நிதியகம்.

நம் ஆண்டவர் அருளிய தாலந்து உவமையில், பணத்தைப் புதைத்தவனையே நாம் பெரிதும் நினைக்கிறோம். எசமானன் அவரவர் ஆற்றலை அளந்தே பகிர்ந்தான் என்பதும் அவ்வுவமையில் உளது. பட்டம் பெற்று இல்லம் திரும்பும் நம்மிடம், "இப்பணத்தை என் செய்யலாம்?" என்று பெற்றோர் வினவும் நாள் வரும். அன்று, "நாம் நன்கறிந்தது எது?" என்று முதலில் கேட்போமாக.